நூலகத்தின் பெயரில் பேசுவது யார்? செட்டிநாட்டுக் கிளை நூலகம் ஒன்றின் அனுபவம்

பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி, பேரனையும் கூட்டிக்கொண்டு ஓர் ஆச்சி எங்கள் நூலக வாசலில் வந்து நின்றது ஒரு வெள்ளிக்கிழமை. கதவில் பூட்டு. எதிர் டீக்கடையில் இருந்த என்னைப் பார்த்து, "எல்லா நாளும் திறந்திருக்கும்னு போட்டிருந்தாகளே, பேரன் போன்ல காமிச்சானே" என்றார். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது இங்கே தினம் வருகிறவர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் ஆச்சிக்கு எப்படித் தெரியும்? பேரனின் போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் நூலகத்தின் பெயர், கட்டடத்தின் படம், தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை, அதன் கீழே திறக்கும் நேரம். பார்க்கிற எவரும் அரசே நடத்தும் தளம் என்றுதான் நினைப்பார்கள். அது அரசுத் தளம் இல்லை.

அடுத்த வாரம் இன்னொன்று. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் நூலகரிடம் வந்து, "மேடம், என் மெம்பர்ஷிப் கார்டு வந்திருச்சா?" என்று கேட்டார். எங்கள் நூலகத்தில் உறுப்பினராக நேரில் வந்து படிவம் நிரப்ப வேண்டும். பணத்துக்குக் கையோடு ரசீது தருவார்கள். இவரோ வேறொரு தளத்தில் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாவற்றையும் கொடுத்து, யூபிஐ வழியாக 299 ரூபாயும் கட்டியிருக்கிறார். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தால்கூட இங்கே அவ்வளவு வராது.

இந்த இரண்டும் நடந்த பிறகுதான் எங்கள் வாசகர் வட்டம் உட்கார்ந்து, நூலகத்தின் பெயரில் இணையத்தில் யார் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தேடியது. நான் அந்த வட்டத்தில் பல ஆண்டுகளாக இருப்பவன். பக்கத்து ஊர் நூலகங்களின் வட்டத்தார் "நீங்க என்ன செஞ்சீக?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன். ஆட்களின் பெயரும் தளங்களின் பெயரும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

கிடைத்தவை

மொத்தம் நான்கு. முதலாவது, ஆச்சி பார்த்தது. எங்கள் ஊரில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் பல ஆண்டுகளாக நடத்திவரும் தளம் அது. இரண்டாவது, காரைக்குடியில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர் செய்தது. நூலகத்தில் உள்ள புத்தகங்களின் பட்டியலைத் தேடிப் பார்க்கும் வசதியோடு போட்டிருந்தார். மூன்றாவது, பணம் வாங்கிய தளம். நான்காவது தளம்கூட இல்லை. கூகுள் மேப்பில் யாரோ வைத்த குறி. அதில் நூலகத்தின் தொலைபேசி என்று இருந்தது பஸ் ஸ்டாண்டில் உள்ள ஜெராக்ஸ் கடையின் எண். கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது, "தினம் நாலு பேரு கேக்குறாக, தெறந்திருக்கான்னு. தெரிஞ்சதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்த நல்ல மனிதருக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நான்கையும் ஒரே கண்ணால் பார்த்துவிட்டோம் என்பதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. "நூலகத்தின் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு உடனடியாக நீக்காவிட்டால் சட்ட நடவடிக்கை" என்று ஒரே கடிதத்தை நான்கு பேருக்கும் அனுப்ப எழுதி, நூலகரிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். "சார், சிங்கப்பூர்ல இருக்கவர் நம்ம வாசகர். அவர் வீட்டு வரி கட்டுறாரா இல்லையா?" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பவை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அந்தச் சட்டத்தால்தான் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது. இப்போது அது சொத்து வரியில் நூற்றுக்கு 10. செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடு. உள்ளே ஆள் இல்லை. காவலுக்கு ஒருவர் இருந்தால் உண்டு. ஆனால் சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ யாரோ வரி கட்டுகிறார்கள். நூலகத்தில் வாங்கும் புத்தகத்தில் அவர்கள் காசும் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்காரருக்கும் நூலகத்தைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்பதைத்தான் நூலகர் சொன்னார்.

இன்னொன்றும் எனக்கு அன்று நினைவுக்கு வந்தது. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர், எந்த அரசாணையும் இல்லாமல், தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் துண்டு நோட்டீஸ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது. இன்று தமிழ் ஆய்வு செய்கிறவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது. அவருடைய வீட்டு அறைகளை அன்று "அதிகாரப்பூர்வமற்றது" என்று சொல்லியிருந்தால் தவறில்லை. ஆனால் அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஆசையால் சேர்க்கிறவர்களை விரட்டும் ஊர் எங்கள் ஊராக இருக்கக் கூடாது.

கடிதத்தைக் கிழித்தோம். ஒவ்வொரு தளத்தைப் பற்றியும் ஒரே கேள்வி கேட்பது என்று முடிவு செய்தோம்: இதை நம்பி வருகிற வாசகர் எதை இழக்கிறார்? நேரத்தையா, பணத்தையா, தன் சொந்த விவரங்களையா? எதையும் இழக்கவில்லை என்றால் அந்தத் தளம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பணம் வாங்கிய தளம்

இதில் யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் இதில்தான் சொதப்பினோம்.

வட்டத்திலிருந்த இளைஞர் ஒருவர் கோபத்தில் அந்தத் தளத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, "போலீசுக்குப் போறோம்" என்று கத்திவிட்டார். மறுநாள் காலையில் பணம் கட்டும் பக்கத்தைக் காணோம். "விரைவில் வருகிறோம்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நாங்கள் அதுவரை ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட எடுத்து வைக்கவில்லை. மிச்சமிருந்தது அந்தத் தம்பியின் போனில் இருந்த யூபிஐ பரிவர்த்தனை எண்ணும், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியும், அவர் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஒரு படமும்தான். அந்தப் படத்தில் நல்லவேளையாக மேலே தளத்தின் முகவரி தெரிந்தது.

ஆகவே இதைப் படிக்கிற வட்டத்தாருக்கு: யாரிடமும் பேசும் முன்பு பதிவு செய்துகொள்ளுங்கள். முகவரிப் பட்டை தெரியும்படி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். தேதி, நேரம் குறித்து அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தை ஏற்றிவிட்டால், தளத்துக்காரர் பின்னால் மாற்றினாலும் பழைய வடிவம் ஒரு மூன்றாம் இடத்தில் தேதியோடு இருக்கும். அதன் பிறகு போன் செய்யலாம். இந்த மாதிரி ஆட்களுக்கு அதுகூட வேண்டாம்.

பணம் கட்டிய தம்பி புகார் கொடுக்கத் தயங்கினார். "299 ரூவாய்க்கு யார் சார் ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையிறது?" நியாயமான பேச்சுதான். ஆனால் அவர் கொடுத்தது 299 ரூபாய் மட்டும் இல்லை, ஆதார் எண்ணும் கையெழுத்துப் படமும் போயிருந்தன. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அவரே பேசினார். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்தோம். எண்ணும் ஒப்புதலும் வந்தன. கணினி வழியாக ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு 3 ஆண்டுவரை சிறையும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் சொல்கிறது. தொகை சின்னது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. பணம் போன சில மணி நேரத்துக்குள் 1930-ஐ அழைத்திருந்தால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்தது. நாங்கள் அழைத்தது வாரங்கள் கழித்து. பணம் திரும்பவில்லை.

தளத்தை எடுக்க வைத்தது வேறு வழி. தளத்தின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால் உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. ஆனால் முகவரியை விற்ற பதிவாளரும், தளத்தைத் தங்கள் கணினியில் வைத்திருக்கும் நிறுவனமும் யார் என்பது தெரிந்துவிடும். இருவருக்கும் முறைகேடு பற்றிப் புகார் சொல்ல மின்னஞ்சல் முகவரி உண்டு. நாங்கள் வாசகர் வட்டத்தின் பெயரில் எழுதியதற்குப் பதில் இல்லை. அவர்கள் கேட்பது எளிய கேள்வி: நூலகத்தின் சார்பில் பேச நீங்கள் யார்? கிளை நூலகருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. மாவட்ட நூலக அலுவலர் தன் அலுவலகத் தாளில், அலுவலக மின்னஞ்சலில் இருந்து எழுத வேண்டும். நூலகர் குறிப்பு வைத்து அனுப்பினார். "இது எங்கள் கிளை, இங்கே இணையம் வழியாகக் கட்டணம் வாங்குவதில்லை, அரசு முத்திரையைப் பயன்படுத்த நாங்கள் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை" என்று மூன்றே வரி, கூடவே புகார் எண். அந்தக் கடிதம் போன சில நாட்களில் தளம் முடங்கியது.

முத்திரை விஷயம் இங்கே கை கொடுத்தது. மாநில அரசுகளின் பெயரையும் சின்னத்தையும் தொழில் நோக்கில் அனுமதியின்றிப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது. நூலகத்தின் பெயரைச் சொல்வதை யாரும் தடுக்க முடியாது; பெயரைச் சொல்லாமல் ஒரு நூலகத்தைப் பற்றி எப்படி எழுதுவது? கோபுர முத்திரையைப் போட்டு அரசாகவே நடிப்பது வேறு.

மாணவரின் பட்டியல்

இந்தத் தம்பி செய்தது உண்மையில் நூலகம் செய்திருக்க வேண்டிய வேலை. புத்தகங்களை வந்த வரிசையில் எண் போட்டு எழுதும் பெரிய பதிவேட்டிலிருந்து சில ஆயிரம் தலைப்புகளைத் தட்டச்சு செய்து, ஆசிரியர் பெயராலும் பொருளாலும் தேடும்படி வைத்திருந்தார். அன்றைய பொறுப்பு நூலகர் வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்திருக்கிறார். சிக்கல் எங்கே என்றால், முகப்புப் பக்கத்தில் அழகுக்காக ஒரு படம் போட்டிருந்தார்: மேசைமேல் விரித்து வைத்த புத்தகம் வழங்கும் பதிவேடு. பெரிதாக்கிப் பார்த்தால் எடுத்தவர்களின் பெயர், போன் எண், என்ன புத்தகம் என்பது வரை வாசிக்கலாம். அதில் ஒரு பெண்ணின் எண்ணும் இருந்தது. தெரியாத ஆட்களிடமிருந்து அழைப்பு வருகிறது என்று அவர் முன்பே நூலகரிடம் சொல்லியிருந்தார். எங்கிருந்து எண் போனது என்று யாருக்கும் அப்போது தெரியவில்லை. இந்தப் படத்திலிருந்துதான் என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

ஒருவர் நூலகத்தில் என்ன எடுத்துப் படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகருக்கும் இடையில் இருக்க வேண்டியது. கடன் தீர்க்கும் வழி, குழந்தையின்மை, மதம், மனநோய் என்று வெளியே கேட்கக் கூசும் விஷயங்களைத் தேடித்தான் பலர் நூலகத்துக்கு வருகிறார்கள். மாணவரிடம் சொன்னவுடனே பதறிப்போய்ப் படத்தை எடுத்துவிட்டார். தளத்திலிருந்து எடுத்தாலும் தேடலில் பழைய படம் சில நாள் நிற்கும். சொந்த விவரங்களைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கோரும் வசதி கூகுளில் இருக்கிறது. அந்தப் பெண்ணை வைத்தே அதையும் செய்தோம். பட்டியலை அப்படியே இருக்கச் சொன்னோம். இப்போது புதுப் புத்தகம் வரும்போது நூலகர் அவருக்குத் தலைப்புகளை மட்டும் அனுப்புகிறார்.

சிங்கப்பூர்த் தளம்

மற்ற மூன்றையும் சேர்த்தாலும் இதற்கு ஆன நாட்களுக்கு ஈடாகாது.

தேடினால் முதலில் வருவது இந்தத் தளம்தான். பல ஆண்டுகளாக இருப்பதால் ஊர்க்காரர்கள் எல்லாரும் இதற்குத்தான் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கிளையைப் பற்றி அரசின் பக்கம் என்று தேடினால், ஒரு நீண்ட பட்டியலில் ஒரு வரி. ஒரு தளத்தை அதிகாரப்பூர்வமற்றது என்று சொல்ல வேண்டுமானால், அதிகாரப்பூர்வமானது இதோ என்று காட்டத் தெரிய வேண்டும். எங்களால் அதைக் காட்ட முடியவில்லை.

அவரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவருடைய அப்பச்சியை எனக்குத் தெரியும். "வாங்கண்ணே, நல்லா இருக்கீகளா?" என்று ஆரம்பித்தார். எட்டாவது படிக்கும்போது தினத்தந்திக்காகச் சண்டை போட்ட பெஞ்சைப் பற்றிச் சொன்னார். வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ, அந்த ஆச்சி கோவிச்சுக்கிட்டாகளா?" என்று கேட்டு அப்போதே மாற்ற ஒப்புக்கொண்டார். முத்திரையை எடுப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் "இது வாசகர் ஒருவர் நடத்தும் தளம், நூலகத்தின் அதிகாரப்பூர்வத் தளம் அன்று" என்று போடவும் சம்மதித்தார்.

பிறகு நன்கொடைக்கு வந்தேன். அவர் தளத்தில் "நூலகத்துக்கு உதவுங்கள்" என்று போட்டுத் தன் சொந்த வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்திருந்தார். வந்த பணத்தில் புத்தகம் வாங்கி அனுப்பியிருக்கிறார். அந்தப் புத்தகங்கள் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. இருந்தும், நூலகத்தின் பெயரில் தனி ஆள் கணக்கில் பணம் வாங்குவது நிற்க வேண்டும் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப என்னையத் திருடன்னு சொல்றீகளாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மூன்று வாரம் பதில் இல்லை. நான் சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். சொன்ன விதம் சரியில்லை. போலித் தளம் 299 ரூபாய் வாங்கிய கோபம் என் குரலில் இருந்திருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டது இவ்வளவு ஆண்டு செய்ததற்கு ஒரு நன்றி. அதை நான் சொல்லவே இல்லை.

பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் ஊருக்கு வந்தபோது நூலகர் என்னை விட்டுவிட்டுத் தானே அவரைப் போய்ப் பார்த்தார். அவர் அனுப்பிய புத்தகங்கள் எத்தனை முறை வெளியே போயின என்பதைத் தேதிச் சீட்டுகளைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தார். அதைக் காட்டிவிட்டு, அரசு நூலகத்தில் பணம் எப்படி உள்ளே வர வேண்டும் என்று விளக்கினார். 1,000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர். ரசீது உண்டு, பலகையில் பெயர் உண்டு, தணிக்கை உண்டு. நாளைக்கு வேறு யாரோ அவர் தளத்தைப் பார்த்து அதே மாதிரி ஒன்று செய்து, அதே வாசகத்தோடு வேறு கணக்கு எண்ணைப் போட்டால், இரண்டையும் வெளியூர்க்காரர் எப்படிப் பிரித்தறிவார் என்றும் கேட்டார். அந்தக் கேள்விதான் அவரை அசைத்தது. அன்று மாலையே கணக்கு எண்ணை எடுத்துவிட்டு, புரவலராகும் விதத்தைப் போட்டார். தன் கணக்கில் மிச்சமிருந்த தொகைக்குப் பட்டியல் எழுதி, கொடுத்தவர்களைக் கேட்டு, அவர்கள் பெயரிலேயே புரவலர் தொகையாகக் கட்டினார்.

ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் சிலவும் அவர் தளத்தில் இருந்தன. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை நிற்கும். எங்கள் பக்கத்து ஆட்களையே எடுத்துக்கொண்டால், பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார் மறைந்தது 1953. அவர் எழுதியவற்றுக்கு 2013-ஓடு முடிந்துவிட்டது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் மறைந்தது 1982. அவர் எழுதியவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்படி ஆண்டு பார்த்துச் சிலதை எடுத்தார், சிலதை வைத்துக்கொண்டார்.

"எல்லா நாளும்" என்று ஏன் போட்டீர்கள் என்று அன்று நூலகர் கேட்டிருக்கிறார். அவர் தன் தளத்தில் இருந்த பழைய படத்தைக் காட்டினார். நூலக வாசல் பலகை. திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டும் அழகாக எழுதியிருக்கிறது. விடுமுறை நாள் எங்கும் இல்லை. விடுமுறை போடவில்லை என்றால் எல்லா நாளும் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்? அந்தப் பலகையை எழுதிக் கொடுத்தது எங்கள் வாசகர் வட்டம். பலகையின் ஓரத்தில் வட்டத்தின் பெயரும் இருக்கிறது.

இப்போது

பலகையை மாற்றி எழுதிவிட்டோம். நேரம், வெள்ளி விடுமுறை, "பணம் நூலகரிடம் மட்டுமே, ரசீது கேட்டு வாங்கவும்" என்ற வரி. க்யூஆர் கோடு ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றோம்; அதன் மேலேயே வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போக ஒரு நிமிடம் போதும். மேப்பில் இருந்த குறியை அலுவலக மின்னஞ்சல் மூலம் நூலகம் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது, ஜெராக்ஸ் கடைக்கு இப்போது அழைப்பு வருவதில்லை. முகவரியின் கடைசியில் டாட் கவ் டாட் இன் என்று இருந்தால் அது அரசு அமைப்புகளுக்கு மட்டும் கிடைப்பது, டாட் காம், டாட் இன் போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூலகத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பார்க்கும் வேலையை அந்தக் குரூப் 4 தம்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

முடியாமல் இருப்பது ஒன்று. சிங்கப்பூர்க்காரருடைய தளத்தின் முகவரியை அவர் எப்போதாவது புதுப்பிக்க மறந்தால், வேறு யாரும் அதை வாங்கலாம். ஊரே நம்புகிற முகவரி ஒரே நாளில் வேறு கைக்குப் போய்விடும். அதிகபட்சமாக 10 ஆண்டுக்கு ஒரே தவணையில் பதியலாம் என்பதால் அப்படியே பதிந்துவிட்டார். தனக்குப் பிறகு யார் என்று கேட்டதற்கு, மாவட்ட அலுவலகம் ஏற்றுக்கொண்டால் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கான கடிதம் போயிருக்கிறது.

ஆச்சி மறுபடி வந்தார், ஒரு சனிக்கிழமை. பேரனுக்கு உறுப்பினர் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான்தான்.